மூஸாபே கரைசேர்த்த தலாக்

ஓலிதூ
ரோணு நட்சத்திரப் பருவம், இரண்டாம் நாள்

ஹிரிபுஷித் தீவில் தங்கியிருக்கும் ஜனாப் இத்ரீஸ் அவர்களுக்கு, ஓலிதூ ருகிய்யா ஸலாம் சொல்லி எழுதுவது.

அந்நிய ஆணுக்கு எழுதும்போது இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நம் ஊர்த் தலைவர் கத்தீபு சொன்னார். நீங்கள் எனக்கு அந்நியரா இல்லையா என்பதில் அவருக்கே தெளிவில்லை. எதற்கும் இப்படியே எழுதிவை என்றார்.

நீங்கள் கால் உடைந்து, ஆனால் உயிரோடு இருக்கும் செய்தி நேற்றுத்தான் வந்தது. கருவாடு ஏற்றிவந்த தோணிக்காரன் உமர், பாயை இறக்குவதற்கு முன்பே கத்தினான். நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு ஓடினேன். அவன் சட்டையைப் பிடித்து மூன்று முறை சத்தியம் வாங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன். அழுதேன். அதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புயலுக்கு மறுநாள், உங்களோடு கடலுக்குப் போன மூஸாபே கவிழ்ந்த தோணியின் முதுகில் படுத்தபடியே நம் பவளப்பாறை ஓரம் வந்து ஒதுங்கினார். உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. "கத்தீபைக் கூப்பிடு. இன்னொரு ஆளும் வேணும்" என்றார். இருவரும் வந்ததும் என்னைப் பார்த்து, "ருகிய்யா, இத்ரீஸ் போயிட்டான். போறதுக்கு முன்னால ஒன்னு சொல்லச் சொன்னான். சத்தியம் வாங்கிட்டான், அதனால சொல்றேன். உன்னைத் தலாக் சொல்லிட்டானாம்" என்றார். அப்புறம்தான் தண்ணீர் குடித்தார்.

உங்களுக்காக அழ வாயைத் திறந்தவள் திறந்த வாயோடு நின்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுத பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அழலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "விதவைன்னா இத்தாக் காத்திருப்பு நாலு மாசம் பத்து நாள். தலாக்னா மூணு மாசம். இவ எதுல உக்காரணும்?" என்று கத்தீபு வீட்டில் இஷா தொழுகைவரை பேச்சு. எனக்கு யாரும் சோறு போடவில்லை.

இப்போது ஆள் உயிரோடு இருப்பதால் தலாக்தான் என்று முடிவாகிவிட்டது. நீங்கள் ஒத்துக்கொண்டால்.

சொன்னீர்களா இல்லையா என்று எழுதுங்கள். கால் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். இரண்டாவதை முதலில் எழுதுங்கள்.

ருகிய்யா


ஹிரிபுஷி
ரோணு, பதினோராம் நாள்

என் ருகிய்யாவுக்கு,

கால் முதலில். தோணி கவிழ்ந்தபோது பாய்மரம் தொடைமேல் விழுந்தது. எலும்பு ஒரே இடத்தில்தான் உடைந்திருக்கிறது. ஈஸாபே என்பவர் வீட்டில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் இங்கே எலும்பு வைத்துக் கட்டுகிறவர். கட்டும்போது நான் போட்ட கூச்சலில் அவர் வீட்டுக் கோழி இரண்டு நாள் முட்டை இடவில்லை என்று அவர் மனைவி சொல்கிறார். நல்ல மனுஷி. கருதியா மீன்சாற்றில் எலுமிச்சை அதிகம் பிழிகிறார். உன் கைப்பக்குவம் வராது.

இரண்டாவது. ஆம், சொன்னேன்.

கோபப்படாமல் படி. இருட்டு. கவிழ்ந்த தோணியின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் மூஸாபேயும் தொங்குகிறோம். காலை அசைக்க முடியவில்லை. விடியும்வரை தாங்க மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அப்போது எனக்கு உன் நினைப்பு வரவில்லை, நம் ஊர் வஹீதா நினைப்புத்தான் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் புருஷன் காணாமல் போய் எத்தனை வருஷம்! உடலும் கிடைக்கவில்லை, ஆளும் வரவில்லை. விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. எந்தத் தோணியின் பாய் தெரிந்தாலும் கரைக்கு ஓடுகிறாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கும் காஜி அனுமதி கொடுக்கவில்லை. நமக்கோ பிள்ளையும் இல்லை. என் உடலைக் கடல் கொண்டுபோய்விட்டால் நீயும் அப்படித்தானே நிற்பாய்? உன்னைக் கட்டிப்போட்டுவிட்டுச் சாக மனசு வரவில்லை. அதனால் சொன்னேன். மூஸாபே, "வாய மூடுடா, உப்புத் தண்ணி உள்ள போகுது" என்று திட்டினார். நான் விடவில்லை, சத்தியம் வாங்கினேன். அடுத்த அலை என்னைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

செத்துத் தொலைந்திருந்தால் நல்ல காரியம் செய்தவன் ஆகியிருப்பேன். கையில் ஒரு கயிற்றுக் கட்டு மிதந்து வந்து மாட்டியது. நாங்கள் விற்க ஏற்றிக்கொண்டு போன தேங்காய்நார்க் கயிறு. நீ திரித்த கயிறுதான் என்னைக் காப்பாற்றியது ருகிய்யா. அதைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் இந்த ஊர் மீன்பிடித் தோணி தூக்கிப் போட்டது.

இந்த ஊர்க் கத்தீபைக் கேட்டேன். ரொம்பச் சுலபம் என்கிறார். இத்தா முடிவதற்குள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு "என் மனைவியை மீட்டுக்கொண்டேன்" என்று சொன்னால் முடிந்தது, நிக்காஹ்கூட வேண்டாமாம். ஈஸாபேயும் அவர் மைத்துனரும் வாசலில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிடட்டுமா?

உன் இத்ரீஸ்


ஓலிதூ
மியஹெலி, ஆறாம் நாள்

இத்ரீஸ் அவர்களுக்கு,

சொல்லக் கூடாது. சொல்லிவிட்டிருந்தால் அந்த இரண்டு பேரையும் மறக்கச் சொல்லுங்கள்.

முதலில் கயிறு. நான் திரித்தது தோணிக்குள்ளேயே கட்டியிருந்தது, அது மூஸாபேயோடு கரைக்கு வந்துவிட்டது. மேலே கிடந்தது பக்கத்து வீட்டு ஸவுதாவின் கயிறு. அவளிடம் சொன்னேன். இப்போது ஊர் முழுக்க உங்களைக் காப்பாற்றியது அவள்தான் என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த அழகில் என்னிடம் கயிற்றைப் பற்றி எழுதுகிறீர்கள்.

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. வஹீதாவைப் பார்த்து நானும் பயந்திருக்கிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. சாவு எதிரே நிற்கும்போது என் பெயரோடு சேர்த்துச் சொல்ல அந்த வார்த்தைதானா கிடைத்தது? "அவளைப் பார்த்துக்கோ" என்று மூஸாபேயிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் "ருகிய்யா" என்று மட்டும் கத்தியிருந்தாலும் போதும். அதை வைத்துக்கொண்டு நான் வஹீதாவுக்குப் பக்கத்தில் ஆயுசுக்கும் கரையில் உட்கார்ந்திருப்பேன். சந்தோஷமாகவே உட்கார்ந்திருப்பேன். எனக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டீர்களா?

மூன்று தலாக்கில் இரண்டு போய்விட்டது, ஞாபகம் இருக்கிறதா? முதலாவது, ரிஹாகுரு மீன்விழுது சட்டியில் தீய்ந்துபோனதற்காக. அடுத்த வாரமே அழுதுகொண்டு வந்து நின்றீர்கள். ஒன்றைக் கோபத்தில் செலவழித்தீர்கள், ஒன்றை அன்பில் செலவழித்தீர்கள். மிச்சம் இருப்பதை எதில் செலவழிப்பீர்களோ.

என்னைக் கேட்காமல் விட்டீர்கள். கேட்காமல் எடுத்தும் கொள்ளாதீர்கள். நான் என்ன கரையில் காய்கிற மீனா? இங்கே வந்து, என் முகத்தைப் பார்த்து, என்னைக் கேட்டு, அப்புறம் சாட்சி வைத்துச் சொல்லுங்கள்.

அதுவும் இத்தா முடிவதற்குள் வர வேண்டும். முடிந்துவிட்டால் புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும். அதற்கு என் அண்ணன் மாலேயிலிருந்து வந்து சம்மதம் கொடுக்க வேண்டும். போன முறை அவர் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "இன்னொரு தடவ இவனுக்கு உன்னைக் கட்டிக் கொடுத்தா எம்பேரை மாத்திக்கறேன்" என்றார். அவர் பெயர் மாற்றுகிற ஆள் இல்லை.

கால் கட்டை நனைக்காதீர்கள். ஈஸாபேயின் மனைவிக்கு என் ஸலாம். எலுமிச்சையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ருகிய்யா


ஹிரிபுஷி
அதா, முதல் நாள்

என் ருகிய்யாவுக்கு,

வருகிறேன். கட்டுப் பிரித்ததும் முதல் தோணியில் வருகிறேன். உன்னைக் கேட்கிறேன். ஊரையே சாட்சிக்கு வைத்துக் கேட்கிறேன், போதுமா?

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஈஸாபே, "என்னய்யா, சம்சாரம் வையறாளா? மூஞ்சி நல்லா இருக்கே" என்றார். நீ வைகிறவரைக்கும் எனக்கு நிம்மதி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை என்று எழுதியிருக்கிறாய். கத்தினேன். அலை என்னைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, தொண்டை கிழியக் கத்தினேன். விடியும்வரை அதைத்தான் செய்தேன். மூஸாபே அதற்குள் எங்கேயோ போய்விட்டார். தலாக்குக்கு ஒரு சாட்சி கிடைத்தது, இதற்கு ஒருவரும் இல்லை. நீ நம்பத்தான் வேண்டும்.

உன் இத்ரீஸ்


ஓலிதூ
அதா, பன்னிரண்டாம் நாள்

என் இத்ரீஸுக்கு,

இப்படித் தொடங்கக் கூடாதுதான். கத்தீபு பார்க்கப்போவதில்லை.

நம்புகிறேன். அந்தப் பத்தியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மிச்சக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மூஸாபே நம் தோணியைக் கரையேற்றிவிட்டார். இரண்டு பலகை மாற்றினால் போதுமாம். தினமும் வந்து தட்டிக்கொண்டிருக்கிறார், என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேற்று ரொட்டியும் மாசிச் சம்பலும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "காத்துல காதுல விழலன்னு சொல்லியிருக்கலாம்ல நான்? யாருக்குத் தெரியும்? ஆனா சத்தியம் பண்ணிட்டேனேம்மா" என்று அழுதுவிட்டார். பெரிய மனுஷர் அழுவதைப் பார்க்க முடியவில்லை. "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. தப்பெல்லாம் அந்த ஆளு மேல" என்று சமாதானம் சொன்னேன்.

அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார். இன்னும் ஒன்றரை மாதத்தில், இத்தா முடிகிற மாப் பருவத்தில், தோணி அனுப்புகிறாராம். சுங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறாராம். இரண்டு தங்கப் பல், ஒரு சைக்கிள். என்ன பதில் எழுதட்டும் என்று உங்களைக் கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

உமர் அடுத்த வாரம் ஹிரிபுஷி வழியாகத் திரும்புகிறான். கட்டுப் பிரித்திருப்பார்கள் அல்லவா? அவனோடு வந்துவிடுங்கள். மிளகாய் போட்ட கருவாட்டுத் துண்டு அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் சாப்பிட.

உங்கள் ருகிய்யா


ஹிரிபுஷி
புனோஸ், ஒன்பதாம் நாள்

என் ருகிய்யாவுக்கு,

கருவாடு கிடைத்தது. கரையிலேயே தின்று தீர்த்துவிட்டேன். உமர் தோணியில் இடம் இல்லை. பாரம் அதிகம். காற்றும் சரியில்லை, மேற்கே கறுத்துக் கிடந்தது. கால் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும் என்று ஈஸாபேயும் சொன்னார், சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார். அதோடு அவர் வீட்டுக் கூரைக்குக் கீற்று மாற்ற வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் அவர் சோற்றைத் தின்றுவிட்டு அப்படியே கிளம்பினால் நன்றாக இருக்குமா? அந்தச் சுங்கத்துக்காரர் சைக்கிளை ஓலிதூவில் எங்கே ஓட்டுவாராம்? இந்தக் கோடியில் ஏறினால் அந்தக் கோடியில் கடலில் விழுவார். சிரிப்பாக இருக்கிறது.

அடுத்த தோணியில் வருகிறேன்.

இத்ரீஸ்


ஓலிதூ
புஸ், இரண்டாம் நாள்

என் இத்ரீஸுக்கு,

உமர் வந்தான். தோணி பாதி காலியாக வந்தது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது என்றான். கால் தேறாதவர் கூரைமேல் ஏறிக் கீற்று மாற்றுகிறாராம். நீங்கள் பொய் சொல்லிப் பழகாதவர், அதனால் ஒரே கடிதத்தில் எல்லாப் பொய்யையும் போட்டுவிட்டீர்கள்.

அவன் இன்னொன்றும் சொன்னான். "மூட்டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தாரு. கணுக்கால் நனையற வரைக்கும் வந்தாரு. அப்புறம் திரும்பிப் போயிட்டாரு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தலையில் குட்டி அனுப்பினேன்.

பயமா?

என்னிடம் சொல்ல என்ன வெட்கம்? பல்லியைப் பார்த்தாலே பெட்டிமேல் ஏறி நிற்கிறவர் நீங்கள். அதையே பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். என்னிடம் உண்மையை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ருகிய்யா


ஹிரிபுஷி
புஸ், பத்தாம் நாள்

ருகிய்யா,

ஆமாம்.

கால் சரியாகிப் பல நாள் ஆகிவிட்டது. இரண்டு தோணிகளை விட்டுவிட்டேன், உமருடையது இரண்டாவது. முதல் தோணியில் ஏறவே ஏறினேன். பலகையில் கால் வைத்ததும் கொஞ்சம் ஆடியது, எந்தத் தோணியும் ஆடுகிற ஆட்டம்தான். அவ்வளவுதான், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இறங்கி மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். சின்னப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதன் பிறகு தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. கிணற்றில் தண்ணீர் இறைத்துத்தான் குளிக்கிறேன். தீவில் பிறந்தவன் கடலுக்குப் பயந்தால் எங்கே போவான்? வீட்டைவிட்டு வெளியே வர வாசல் இல்லாதவன் மாதிரி இருக்கிறேன்.

இதை உனக்கு எழுதக் கூசியது. இப்போது எழுதிவிட்டேன், கொஞ்சம் லேசாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். நீ சரி என்றால் இங்கிருந்தே மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்புறம்? நான் இங்கே, நீ அங்கே. வருகிற பாயையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ கரையில் நிற்பாய். எதற்குப் பயந்து அந்த வார்த்தையைச் சொன்னேனோ அதையே உனக்குச் செய்தவன் ஆவேன், அதுவும் உயிரோடு உட்கார்ந்துகொண்டு. அதனால் நாளை ஓடவிடு. உன் அண்ணன் நல்லதைத்தான் நினைப்பார். அந்தச் சுங்கத்துக்காரரைப் பற்றிக் கேலியாக எழுதினேன், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அவர் தரைமேல் வேலை பார்க்கிறவர்.

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இத்ரீஸ்


ஹிரிபுஷிக் கரைக்கு எதிரே, தோணியில்
அஹுலிஹா, மூன்றாம் நாள்

இத்ரீஸ்,

மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா? ஆபத்து வந்தால் போதும், உடனே என்னை யாருக்காவது தூக்கிக் கொடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் பெருந்தன்மையைக் கொண்டுபோய் அடுப்பில் போடுங்கள். எனக்குத் தங்கப் பல் வேண்டாம். பல்லிக்குப் பயந்து பெட்டிமேல் ஏறுகிற ஆள்தான் வேண்டும். இதை முன்பே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க வேண்டும். நீங்களாகப் புரிந்துகொள்வீர்கள் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் மூஸாபேயைக் கூப்பிட்டு, "தோணி மிதக்குமா?" என்று கேட்டேன். "மிதக்கும்" என்றார். "அப்போ எடுங்க" என்றேன். கத்தீபு ஓடி வந்தார். "இத்தா முடியற வரைக்கும் புருஷன் வீட்டை விட்டுப் போகக் கூடாதும்மா!" என்றார். "புருஷன் எங்க இருக்காரோ அதுதானே புருஷன் வீடு? நான் அங்கதான் போறேன்" என்றேன். தாடியை நீவினார். ரொம்ப நேரம் நீவினார். கடைசியில், "ஸவுதாவையும் துணைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

நான் இதற்கு முன் நம் பவளப்பாறையைத் தாண்டியதே இல்லை, உங்களுக்கே தெரியும். வழியெல்லாம் வாந்தி. வெளிக்கடலில் ஒரு அலை தோணியைத் தூக்கியபோது ஸவுதா சாகப்போகிறோம் என்று கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் உங்கள் பயம் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதைச் சிரித்துப் பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும் இனி என்னிடம் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டிருக்கிறோம். உள்கடல் குளம் மாதிரி கிடக்கிறது. மூஸாபே தண்ணீரில் இறங்கி வந்து இதைக் கொடுப்பார், ஈஸாபே வீட்டை விசாரித்துக்கொண்டு. தலையில் கட்டிக்கொண்டு வருவதால் நனையாது என்கிறார்.

நான் இறங்க மாட்டேன். நீங்கள் வர வேண்டும். தோணி நிற்கிற இடத்தில் தண்ணீர் உங்களுக்கு இடுப்பளவுதான் இருக்கும், மூஸாபே கழி போட்டுப் பார்த்துவிட்டார். வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நான் சரி என்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், வழியில் அதை நினைத்து வேறு பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். அரிசிப் பானை, பாய், அம்மி, என் பெட்டி, எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டேன். ஹிரிபுஷியிலும் தேங்காய்மட்டை ஊறத்தானே செய்யும், கயிறு திரித்துப் பிழைத்துக்கொள்ளலாம். நீங்கள் வாழ்நாளில் இனித் தோணி ஏறாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

ஆனால் அந்த இடுப்பளவுத் தண்ணீரை மட்டும் நீங்கள்தான் கடக்க வேண்டும், இத்ரீஸ். மிச்சக் கடல் முழுவதையும் நான் கடந்து வந்துவிட்டேன்.

ருகிய்யா


அதே நாள்
(அதே தாளின் பின்பக்கம்)

ருகிய்யா,

மூஸாபே சொட்டச் சொட்ட நிற்கிறார். நான் கிறுக்குவதைப் பார்த்து, "எழுத்து அவளுக்குப் புரியணும்டா, மெதுவா எழுது" என்கிறார். ஈஸாபேயும் அவர் மனைவியும் கரைக்குப் போய்விட்டார்கள். ஊரில் பாதி அங்கேதான் நிற்கிறது. வரட்டும். சாட்சிக்குக் குறைவு இருக்காது.

நீ இறங்காதே. கைலியை மடித்துக் கட்டிவிட்டேன். மூஸாபே இதை எடுத்துக்கொண்டு முன்னால் வருவார், நான் பின்னால் வருகிறேன். படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார். தோணியின் ஓரத்தில் நில், முக்காட்டைக் கொஞ்சம் விலக்கு. நான் தண்ணீரைப் பார்க்கப்போவதில்லை.